முதலில் சொல்ல வேண்டியவள்

நாகல் நகர், திண்டுக்கல்
14.9.2025

அன்புள்ள புவனாவுக்கு,

தம்பி சோலைமலையின் போனுக்கு அடித்தால் அவன் எடுக்கிறான். "இந்தா, அக்கா பேசுது" என்று உன்னிடம் நீட்டுவது எனக்குக் கேட்கிறது. அப்புறம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் வருகிறது. "அவ வேலையா இருக்காக்கா" என்கிறான். தமிழ்நிலாவின் கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து இப்படித்தான். உன் வீட்டுப் பாத்திரங்கள் பாதி தேய்ந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். சந்தையில் பூ இறக்கிவிட்டுத் திரும்பும் வேன்காரர் பாண்டியராஜிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்குப் பாதி தெரியும். மீதியையும் நானே எழுதிவிடுகிறேன்.

சித்திரையில் ரஃபியா என்னைத் தேடி வந்தாள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள், இப்போது உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். "டீச்சர், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு டெஸ்ட் எடுக்குறோம். முப்பது வயசுக்கு மேல எல்லாரும் வரணும். நான் கூப்பிட்டா 'நோவு ஒண்ணும் இல்லையே'ங்கிறாங்க. நீங்க கூப்பிட்டா வருவாங்க" என்றாள். நோவு இல்லாதபோதே பார்ப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனை என்று தெரு தெருவாகச் சொன்னேன். இருபது வருஷம் அந்த ஊரில் பாடம் எடுத்தவள் சொல்கிறாளே என்று எல்லோரும் வந்தீர்கள். நீயும் வந்தாய்.

போன் எண் கேட்டபோது பாதிப் பேர் விழித்தீர்கள். வீட்டில் இருப்பது கணவன் போன் அல்லது மகன் போன். "எங்க வீட்டாளுக்கு மொதல்ல தெரிய வேணாம்" என்று ஒருத்தி சொன்னாள். "அப்படின்னா என் நம்பரைக் குடுங்க, நான் வந்து உங்ககிட்ட சொல்றேன்" என்றேன். எவ்வளவு பெரிய காரியம் செய்கிறோம் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை.

மே மாதம் ரஃபியா கூப்பிட்டாள். "புவனேஸ்வரி அக்காவுக்குக் கிருமி இருக்குன்னு வந்திருக்கு. புற்றுநோய்னு அர்த்தமில்ல டீச்சர். ஆனா பெரியாஸ்பத்திரியில லென்ஸ் வச்சு ஒரு தடவ பாக்கணும். அக்காகிட்ட நானே பேசவா?" என்று கேட்டாள்.

"வேணாம், நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

அன்றே பஸ் ஏறினேன். ஊரில் இறங்கி உன் வீட்டுக்குத்தான் நடந்திருக்க வேண்டும். நான் தோட்டத்துப் பக்கம் திரும்பினேன். நல்லதோ கெட்டதோ, ஆம்பளையிடம் முதலில் சொல்வது நம் வீட்டுப் பழக்கம். எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்த செய்திகூட அம்மாவுக்கு முன்னால் சித்தப்பாவுக்குத்தான் போனது. அம்மா அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து வளர்ந்தவள், அதையே செய்தேன்.

சோலைமலை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான். "நாளக்கழிச்சு பொண்ணு பாக்க வாராகக்கா. ஆத்தாளுக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு சொல்லி எந்திரிச்சுப் போயிருவாக. கல்யாணம் முடியட்டும். அவகிட்ட இப்ப சொல்லாத" என்றான். 'இது பரம்பரையாக வருவதில்லை' என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். அப்படியும் சரியென்று தலையை ஆட்டினேன். வைகாசியில் நிச்சயம், ஆனியில் நகை, ஆடியில் எதுவும் ஆகாது, ஆவணியில் கல்யாணம். ஒவ்வொரு மாதமும் ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தது.

புவனா, மல்லிகையில் மொட்டுப்புழு விழுந்தால் நீ செடியையா வெட்டுகிறாய்? புழு பிடித்த மொட்டுகளைக் கிள்ளி எறிகிறாய். நாள் தள்ளினால்தான் செடி போகும். இதுவும் அப்படித்தான். என்மேல் உள்ள கோபத்தை அப்படியே வைத்துக்கொள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போய்விடு.

அன்புடன்,
சுந்தரம்மாள்

*

சித்தையன்கோட்டை
19.9.2025

மதினிக்கு,

கடிதம் காலிப் பூச்சாக்குக்குள் வந்தது. படித்தேன்.

நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்தி. ரஃபியா சிஸ்டர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்தார். நான் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாயசத்துக்குக் கரண்டி தேடிக்கொண்டிருந்தேன். "பெரியாஸ்பத்திரியில என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டார். "எதுக்கு?" என்றேன். அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்க்கவில்லை. "டீச்சர் சொல்லலையா?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் தாம்பூலப் பையில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தீர்கள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் உங்கள் கை அப்படியே நின்றுவிட்டது. சிஸ்டர் சொல்லித் தெரிந்ததைவிட, நின்ற அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

அதற்குப் பிறகு போட்டோ எடுத்தார்கள். ஆல்பம் நேற்று வந்தது. எல்லாப் படத்திலும் சிரித்திருக்கிறேன்.

வைகாசியிலிருந்து நீங்கள் வரும்போதெல்லாம் மாதுளம்பழம் வாங்கி வந்தீர்கள். "ரத்தம் ஊறும், சாப்பிடு" என்றீர்கள். "உங்கத்தைக்கு என் மேல எம்புட்டுப் பாசம் பாருடி" என்று தமிழ்நிலாவிடம் சொன்னேன். அந்தப் பழத்தை உரித்து உங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். நீங்களும் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்.

உங்கள் தம்பி இப்போது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன என்று கேட்பதில்லை. வைத்ததைத் தின்றுவிட்டுத் தட்டை அவரே கழுவுகிறார். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் நடக்காத அதிசயம். நேற்று, "கோவமா?" என்று கேட்டார். "சோத்துக்கு உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றார். "அப்ப கோவம் இல்ல" என்றேன். எழுந்து போய்விட்டார்.

மொட்டு, புழு எல்லாம் எழுதியிருந்தீர்கள். உங்கள் எடுத்துக்காட்டுகளில் நான் எப்போதும் செடியாகவே இருக்கிறேன் மதினி. செடியிடம் யாரும் எதையும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதாக இல்லை. வைகாசியில் இல்லாத அவசரம் புரட்டாசியில் எதற்கு? மகளுக்குத் தலை தீபாவளி வருகிறது. வேலை கிடக்கிறது.

புவனேஸ்வரி

*

நாகல் நகர்
25.9.2025

அன்புள்ள புவனாவுக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் எடுத்துக்காட்டு வந்துவிட்டது. இது மூன்றாவது.

நீ எழுதிய எல்லாம் சரி. அந்த மாதுளம்பழத்தை இனி என்னால் கடையில் பார்க்க முடியாது. உனக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று என்னையே நம்பவைக்கத்தான் அதை வாங்கினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பழம் கொடுத்தேன்.

ரஃபியாவைப் போய்ப் பார்த்தேன். மண்டபத்துக்குப் பிறகு அவளும் என்னிடம் முன்போல் பேசவில்லை. "அன்னிக்கே நான் பேசியிருக்கணும் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். தப்பு அவளுடையதில்லை, கேட்கத்தான் செய்தாள், நான்தான் மறித்தேன் என்றேன். இந்தக் கிருமி பெரும்பாலான பேருக்கு ஒரு காலத்தில் வந்து தானாகப் போய்விடுமாம். சிலருக்குப் போகாமல் தங்கும். தங்கிய இடம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல மாறும். மாறுவதற்குள் பார்த்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம், புற்றுநோயாகவே ஆகாது. இதில் யாருடைய நடத்தையைப் பற்றிய பேச்சுக்கும் இடமில்லை என்றும் உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

வரும் திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரியில் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். நேற்றுப் பூச்சந்தையில் சோலைமலையைப் பார்த்தேன். அவனிடம் சொல்லிவிட்டேன், கூட்டி வருவான். நான் வாசலில் நிற்பேன். நீ என்னோடு பேச வேண்டாம். நான் அங்கே நின்றால் மட்டும் போதும்.

சுந்தரம்மாள்

*

சித்தையன்கோட்டை
30.9.2025

மதினிக்கு,

பாண்டியராஜுக்குக் காய்ச்சல், இரண்டு நாளாக வேன் ஓடவில்லை. உங்கள் கடிதம் நேற்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. அதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

காலையில் உங்கள் தம்பி சலவை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கெளம்பு."

"எங்க?"

"பெரியாஸ்பத்திரிக்கு. அக்கா எல்லாம் பேசி வச்சிருச்சு."

"யார்கிட்ட பேசுச்சு?"

"எங்கிட்டதான்."

அவருக்குத் தான் சொன்னது என்னவென்று சொன்ன பிறகுதான் விளங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். சலவை வேட்டியில் சேறு, அதுவும் எனக்கு வேலை.

மதினி, நீங்கள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். என் உடம்பைப் பற்றிய சேதி உங்கள் வீட்டில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டுக் கடைசியில்தான் என்னிடம் வருகிறது. அதுவும் மன்னிப்புக் கேட்கும்போதே.

இன்னொன்று சொல்கிறேன். எழுதக் கூசுகிறது. உங்களைத் தவிர வேறு யாருக்கும் எழுதவும் முடியாது. போன கார்த்திகையிலிருந்தே எனக்கு மாத விலக்கு இல்லாத நாட்களில் கறை பட்டுக்கொண்டிருந்தது. அவர் கிட்டே வந்த மறுநாள் நிச்சயமாகப் படும். சூடு என்று வெந்தயம் ஊற வைத்துக் குடித்தேன். அன்றைக்குப் பரிசோதனைக்கு வந்தபோது சிஸ்டர், "எதுவும் தொந்தரவு இருக்காக்கா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். பின்னால் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி நின்றிருந்தாள். ஆக, நானும் என்னிடமே சொல்லாமல் வைத்திருந்தேன். தமிழ்நிலா கல்யாணத்துக்குப் பிறகு தினமும் படுத்தால் அதுதான் நினைப்பு. உங்களைத் திட்டி முடித்தால் என்னைத் திட்ட ஆரம்பிக்கிறேன்.

வைகாசியில் நீங்கள் என்னிடம் வந்து சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? யோசித்துப் பார்த்தேன். 'கல்யாணம் முடியட்டும் மதினி' என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். அந்த ஒரு வார்த்தையைக்கூட எனக்கு விடாமல் நீங்கள் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டீர்கள்.

நான் போகிறேன். ஆனால் முதலில் நீங்கள்.

அன்றைக்கு ஊரையே உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் வெளியே வந்தபோது பார்த்தேன். "நீங்க போகலையா மதினி?" என்று கேட்டேன். "யாராவது வரிசையப் பாக்கணும்ல" என்றீர்கள். அறுபத்தஞ்சு வயது வரைக்கும் எடுக்கலாமாம், சிஸ்டரிடம் கேட்டேன். உங்களுக்கு அறுபத்தொன்று. அந்தக் கட்டிலில் போய்ப் படுங்கள். அப்புறம் நான் வாரேன்.

மாப்பிள்ளை தன் பழைய போனை எனக்குக் கொடுத்திருக்கிறார். எண்ணை ரஃபியா சிஸ்டருக்குக் கொடுத்துவிட்டேன். உங்களுக்குக் கொடுக்கவில்லை.

புவனேஸ்வரி

*

நாகல் நகர்
5.10.2025

அன்புள்ள புவனாவுக்கு,

போன கார்த்திகையிலிருந்து என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு இரண்டு நாள் நான் சமைக்கவில்லை. வைகாசியில் நான் உன்னிடம் வந்திருந்தால் நீ அப்போதே இதை எனக்குச் சொல்லியிருப்பாயோ என்று தோன்றுகிறது. அப்படிச் சொல்லியிருந்தால் எந்தக் கல்யாணத்துக்காகவும் நான் பொறுத்திருக்க மாட்டேன். நீ மறைத்தது ஒரு பாதி. அதைக் கேட்கும் இடத்துக்கே வராமல் போனது என் பாதி. உன்னை நீ திட்டிக்கொள்ளாதே.

கேட்டதைச் செய்ய வெள்ளிக்கிழமை கிளம்பினேன். சுகாதார நிலையத்து வாசல் வரை போனேன். "என்ன டீச்சர், இன்னைக்கு யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று வாசலில் நின்ற ஒருவர் கேட்டார். "சும்மா ரஃபியாவப் பாக்க வந்தேன்" என்றேன். அவளைப் பார்க்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

காரணம் கேட்காதே என்று எழுத நினைத்தேன். நீ கேட்பாய். என் வீட்டுக்காரர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பிள்ளை பெறாத உடம்பு. இதை டாக்டர் என்று யாரும் பார்த்ததே இல்லை. அதுவும் ரஃபியா. மூக்கு ஒழுகிக்கொண்டு என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. அவள் முன்னால் நான் எப்படி?

எழுதி முடித்ததும்தான் உறைக்கிறது. உங்கள் முப்பது நாற்பது பேரிடம் இதே வாய், "இதுல என்ன வெக்கம்?" என்று கேட்டது. ஒருத்திகூட என்னைத் திருப்பிக் கேட்கவில்லை.

சுந்தரம்மாள்

*

நாகல் நகர்
9.10.2025

புவனா,

போய் வந்துவிட்டேன். இன்று காலையில்.

வாசலில் அதே ஆள், அதே கேள்வி. "என்னத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றேன்.

ரஃபியா திரையை இழுத்துவிட்டாள். கட்டிலில் ஏறியதும் சேலையை முழங்காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "டீச்சர், அம்மை ஊசி போட வந்தப்ப எங்கிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? கண்ண மூடிக்கிட்டு ஏழாம் வாய்ப்பாடு சொல்லுன்னீங்க. இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள். சொன்னேன். ஏழெட்டு ஐம்பத்துநாலு என்றேன். "தப்பு டீச்சர்" என்றாள். திருத்துவதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்சம் அழுத்தின மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு அதே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இதற்காகவா அன்றைக்கு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

போன் எண் கேட்டாள். என் எண்ணைக் கொடுக்கவில்லை. "புவனேஸ்வரி நம்பர் உன்கிட்ட இருக்குல்ல? அதைப் போட்டுக்க. எனக்கு என்ன வந்தாலும் அவகிட்டதான் மொதல்ல சொல்லணும். எனக்கு எப்பச் சொல்லணும்னு அவ முடிவு பண்ணட்டும்" என்றேன். ரஃபியா என்னைக் கொஞ்சம் பார்த்தாள். அப்புறம் எழுதிக்கொண்டாள்.

நான் உன்னை உட்கார வைத்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். நாலு மாதம் வைத்திருந்தாலும் கேட்க மாட்டேன். நீ போய்விட்டு வா.

சுந்தரம்மாள்

*

சித்தையன்கோட்டை
16.10.2025

மதினிக்கு,

போன் எண் விஷயத்தைப் பற்றி இப்போது எழுதவில்லை. எழுதினால் கோபம்தான் வரும்.

சொன்னபடியே, இந்தத் திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். அதற்கு முன்னால் தமிழ்நிலாவுக்குப் போன் செய்து நானே சொன்னேன். அழுதாள். "ஏம்மா எனக்காகவா சொல்லாம வச்சிருந்தாங்க? நான் கேட்டேனா?" என்றாள். அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் அவளுக்கு எழுதுங்கள். மறுநாளே வந்துவிட்டாள், அவள்தான் என்னோடு உள்ளே வந்தாள். உங்கள் தம்பி வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார். அன்றைக்குப் பூப்பறிப்புக்கு ஆள் சொல்லியிருந்தும் தோட்டத்துக்குப் போகவில்லை. "சந்தையில வெல போயிருமே" என்றேன். "போகட்டும்" என்றார்.

டாக்டரம்மா சின்ன வயது. லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார். ஒரு மருந்தைத் தொட்டு வைத்தார், கொஞ்சம் எரிந்தது. ஓரிடத்தில் வெள்ளையாகத் தெரிகிறது என்று ஒரு துணுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறார். முடிவு வர நாளாகுமாம். யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். "எனக்குத்தான்" என்றேன். அதைச் சொல்லும்போது ஏனோ அழுகை வந்துவிட்டது.

சம்பந்தியம்மாவிடமும் சொல்லிவிட்டேன். எதற்குப் பயந்தீர்களோ அதில் பாதி நடந்தது. "இது ரத்தத்துல வாரதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தீபாவளிக்கு என்ன பலகாரம் என்று கேட்கிற மாதிரி போன் செய்து, கடைசியில், "அந்த டெஸ்ட்டுக்கு எந்த நாள்ல வரணும்?" என்றார். தானாகவே கேட்டார், நான் எதுவும் சொல்லவில்லை. யாரும் எழுந்து போய்விடவில்லை மதினி. கல்யாணத்துக்கு முன்னால் என்றால் என்ன செய்திருப்பார்களோ தெரியாது. அது இனி யாருக்கும் தெரியாது.

தீபாவளிக்கு உங்களைக் கூப்பிட வேண்டும் என்று இருக்கிறது. கூப்பிட வாய் வரவில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

புவனேஸ்வரி

*

நாகல் நகர்
23.10.2025

அன்புள்ள புவனாவுக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்திருக்கும். பாண்டியராஜிடம் நீ அனுப்பிய அதிரசம் வந்தது. கடிதம் இல்லாமல் அதிரசம் மட்டும் வந்தது. தட்டில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழ்நிலாவுக்கு எழுதிவிட்டேன். அவள் கேட்காத ஒன்றை அவள் பெயரைச் சொல்லி நாங்கள் செய்தோம் என்று ஒத்துக்கொண்டேன்.

நீ டாக்டரிடம் ஒன்று கேட்டுச் சொல்ல வேண்டும். கேட்க எனக்கு உரிமை இல்லைதான். மே மாதமே வந்திருந்தால் அந்த வெள்ளை இடம் சின்னதாக இருந்திருக்குமா? வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டால், எந்த வரியில் தப்பியது என்று சுழித்துக் காட்டுவேன். அங்கிருந்து மறுபடி போட்டால் சரியாகிவிடும். இதில் வரி எனக்குத் தெரிகிறது, மறுபடி போட முடியவில்லை. பார், மறுபடியும் எடுத்துக்காட்டு வந்துவிட்டது. இந்தத் தடவை அதில் நீ இல்லை, நான் இருக்கிறேன். அதனால் கோடு போட்டு அடிக்காமல் விட்டுவிடுகிறேன்.

சுந்தரம்மாள்

*

சித்தையன்கோட்டை
6.11.2025

அன்புள்ள மதினிக்கு,

முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார். புற்றுநோய் என்று சொல்லவில்லை. அதற்கு முந்தின நிலையில் கடைசிப் படி என்றார். அடுத்த வாரம் அந்த இடத்தை மட்டும் எடுக்கிறார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். எடுத்ததை மறுபடி பார்த்தால்தான் உள்ளே இறங்கியிருக்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரியுமாம். அதன் பிறகும் சொல்கிற தேதிக்கெல்லாம் போய்க் காட்ட வேண்டும். போவேன்.

நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "மே மாசம் எப்படி இருந்துச்சுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. பொதுவா இது மெதுவாத்தான் போகும். ஆனா கறை பட்ட அன்னிக்கே வந்திருக்கணும்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் ஆறுதலுக்கு ஒன்றைக் கூட்டவும் இல்லை, கோபத்துக்கு ஒன்றைக் குறைக்கவும் இல்லை. பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. நாம் இரண்டு பேரும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது அந்த எண் விஷயம்.

நேற்றுச் சம்பங்கி கட்டிக்கொண்டிருந்தேன். ரஃபியா சிஸ்டர் கூப்பிட்டார். "அக்கா, டீச்சரோட ரிசல்ட் வந்திருச்சு" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது மதினி. மண்டபத்தில் உங்கள் கை நின்ற மாதிரியே. ஒரு நிமிஷத்துக்குள் என்னென்னவோ ஓடியது. கெட்டதாக இருந்தால் நீங்கள் அங்கே தனியாக இருக்கிறீர்களே, எப்படித் தாங்குவீர்கள், முதலில் உங்கள் தம்பியிடம் சொல்லி அனுப்பலாமா என்று நினைத்தேன். நானா இப்படி நினைக்கிறேன் என்று இருந்தது. மே மாதம் அந்தப் போனை வைத்துவிட்டு நீங்கள் எப்படி பஸ் ஏறியிருப்பீர்கள் என்று எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில்தான் தெரிந்தது. தெரிந்ததற்காக அது சரியாகிவிடாது. ஆனால் தெரிந்தது.

"சிஸ்டர், எங்கிட்ட சொல்லாதீங்க" என்றேன். "டீச்சர் உங்ககிட்டதான் சொல்லணும்னு சொன்னாங்களே" என்றார். "அவக ஆயிரம் சொல்லுவாக. அவக உடம்பு, அவக காது. அந்த நம்பர அடிச்சிட்டு மதினி நம்பரப் போடுங்க" என்றேன். அதற்கு அவர், "டீச்சரே கேக்க நினைக்கிறப்ப என்னைக் கூப்பிடட்டும், அத மட்டும் சொல்லிருங்கக்கா. இனிமே நான் யாரையும் நடுவுல வச்சு எதையும் சொல்றதா இல்ல" என்றார்.

எனக்குத் தண்டனை கொடுக்கிற வேலை வேண்டாம் மதினி. என் சேதியை நீங்கள் வைத்துக்கொண்டதும் தப்பு, உங்கள் சேதியை என் கையில் திணித்ததும் அதே தப்பு. முதல் தப்பில் என்னைக் கேட்கவில்லை. இரண்டாவதிலும் என்னைக் கேட்கவில்லை.

அதனால் உங்கள் முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ரஃபியா சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நீங்களே கேளுங்கள். கேட்டுவிட்டு உட்கார வேண்டும் போல் இருந்தால் உட்காருங்கள். யாரிடம் சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்பது உங்கள் இஷ்டம். உங்கள் தம்பியிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

என்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றினால், என் எண்ணை இந்தத் தாளின் தலையில் எழுதியிருக்கிறேன். பூக்கட்டும்போது போன் மடியில்தான் இருக்கும். அடித்தால் எடுக்கிறேன்.

புவனா